கரியும் நிலக்கரியும்

தஞ்சை நாட்டில் நெல்லுக்குப் பல பெயர்கள் உண்டு. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும், மடைக்கும் மதகுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அடுப்பில் இடும் எரிபொருளுக்கும் அவ்வாறே விறகு, சுள்ளி, மிளாறு, மட்டை, வறட்டி, உமி என்று பெயர்கள் பல. ஆயினும், கடந்த இரு நூற்றாண்டுகளாக உலகத்தை ஆட்டிவைத்த எரிபொருள் ஒன்றற்கு இந்நாட்டில் பழம்பெயர் இல்லை. அதுவே நிலக்கரி. சங்க நூல்களிலும் காப்பியங்களிலும் தேவாரத்திலும் இச்சொல்லைத் தேடுவது வீண். பொருள் வழங்காத இடத்தில் பெயர் எவ்வாறு வழங்கும்?

நிலக்கரி இன்றி நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வுக்கு உரிய சொல் ‘கரி’ என்பது. அந்த ஈரெழுத்துச் சொல்லின் பொருள் யாது, பிறப்பு யாது, அதன் முன்னே ‘நிலம்’ என்பது எப்படி வந்து சேர்ந்தது என்பவற்றை நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன். சொல்லாராய்ச்சி என்று இதனை ஒதுக்கிவிட வேண்டா. இந்தச் சொல்லை முன்னிட்டுக் காவிரிப் படுகையில் அண்மைக் காலத்தில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது.

கரி என்பது முதற்கண் பெயர் அன்று, வினையடி. கரிதல் என்றால் தீயிலோ வெம்மையிலோ பட்டுக் கருமையாதல். கரிந்தது, கருகியது, கருக்கியது என்பன எல்லாம் அதன் வழி வந்தவை. அவ்வாறு கரிந்து எஞ்சியதற்குக் கரி என்று பெயர். கருமை, கார், கரிசல் ஆகிய சொற்கள் இதன் சுற்றத்தார். இச்சுற்றம் தமிழோடு நில்லாமல் நம் அண்டை மொழிகளிலும் பரந்திருக்கிறது. ஆகவே, ‘கரி’ என்று சொன்ன பழந்தமிழன் மனத்தில் தோண்டி எடுக்கும் ஒரு கனிப்பொருள் தோன்றவில்லை. தீ தின்று மிச்சம் வைத்த கட்டைதான் தோன்றியது.

இதே ஒலியில் வேறு பொருள்களும் உள்ளன. யானைக்குக் கரி என்று பெயர். கரத்தை, அதாவது கையை உடையது என்னும் வடமொழிக் காரணத்தால் வந்தது அது. சான்றுக்கும் கரி என்று பெயர். திருக்குறளில் ‘நீத்தார் பெருமை’ அதிகாரத்தில் அப்பொருளில் வருவதைப் பள்ளியில் படித்தவர்கள் நினைவுகூர்வார்கள். இன்னொன்றையும் ஆசிரியன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். ‘கறி’ என்று வல்லின றகரம் இட்டால் அது உணவு, பழங்காலத்தில் மிளகு. அடுப்புக்கறி என்று எழுதும் மாணவன் அடுப்பையே சமைத்துவிடுகிறான். எத்தனை முறை திருத்தினாலும் இப்பிழை ஆண்டுதோறும் புதிதாய்ப் பிறக்கிறது.

கரி என்ற சொல் காவிரி நாட்டின் வரலாற்றில் மிக உயர்ந்த ஓர் இடத்தில் அமர்ந்திருக்கிறது. கல்லணையைக் கட்டியவன் என்று மரபு போற்றும் சோழன் பெயர் கரிகாலன். இளமையில் பகைவர் இட்ட தீயினின்று தப்பியபோது அவன் கால் கரிந்தது என்பர். பொருநராற்றுப்படையின் இறுதியில் உள்ள வெண்பாவும் இச்செய்தியைக் குறிக்கிறது. யானைகளுக்குக் காலன், அதாவது எமன் போன்றவன் என்று வேறு பொருள் கூறுவாரும் உளர். எனக்கு முன்னதே இயல்பாகத் தோன்றுகிறது. கரிகால் என்பது வினைத்தொகை. கரிந்த கால், கரிகின்ற கால் என்று விரியும். தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே பொருள் கிடைக்கும்போது யானையையும் எமனையும் துணைக்கு அழைக்க வேண்டிய தேவை இல்லை.

கரிக்கு இன்னொரு பழம்பெயரும் இருந்தது. இருந்தை என்றும் இருந்தில் என்றும் அகராதிகள் கூறும். இன்று தஞ்சையில் எந்த வீட்டிலும் இச்சொல்லைக் கேட்க முடியாது. ஆனால் சொல் அழிந்துவிடவில்லை. கன்னடத்தில் கரியை ‘இத்தலு’ என்கிறார்கள்; மலையாளத்தில் ‘இருந்நல்’ என்ற வடிவம் உண்டு. நம் வீட்டில் தொலைந்த பாத்திரம் பக்கத்து வீட்டில் இன்னும் புழங்குவது போன்றது இது.

இனி, மண்ணுக்கடியில் கிடைக்கும் கரிக்குப் பெயரிட்ட முறையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ‘கோல்’ என்னும் சொல் தொடக்கத்தில் எரியும் கங்கையும் மரக்கரியையுமே குறித்தது. வடகடற்கரையிலிருந்து கப்பலில் இலண்டனுக்குப் புதுவகைக் கரி வந்தபோது, அதனைப் பிரித்துக் காட்டக் ‘கடற்கரி’ என்றார்கள். பின்னர்க் காடுகள் குறைந்து, மரக்கரி அருகிப் போனது; அடைமொழி உதிர்ந்தது. பழைய கரியின் பெயரைப் புதிய கரி தனக்கே உரிமையாக்கிக்கொண்டது. இலத்தீன் மொழியிலும் ‘கார்போ’ என்பது முதலில் மரக்கரிதான். அதிலிருந்து பிறந்த கார்பன் என்னும் சொல்லை நம் அறிவியல் நூலார் கரிமம் என்று தமிழாக்கினர். இக்காலத்து மாநாடுகளில் பேசப்படும் கரிம நீக்கம் என்ற தொடரின் வேரும், ஆராய்ந்தால், அடுப்படியில் கிடக்கும் கரிக்கட்டைதான்.

நம் அண்டை நாட்டார் கல்லைக் கொண்டு பெயரிட்டனர். மலையாளத்தில் கல்க்கரி, கன்னடத்தில் கல்லித்தலு, இந்தியில் ‘பத்தர் கா கோயலா’, அதாவது கல்லின் கரி. தெலுங்கர் ஒரு படி மேலே போய் ‘ராட்சசி பொக்கு’ என்றார்கள்; அரக்கிக் கரி என்பது பொருள். தமிழரோ நிலத்தைக் கொண்டு பெயரிட்டனர். நிலத்தின்கண் கிடைக்கும் கரி நிலக்கரி. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நிலவேம்பு, நிலப்பனை, நிலக்கடலை என்னும் பெயர்களின் வரிசையில் இது எளிதாகப் போய் அமர்ந்துகொண்டது. இரயிலும் நீராவிக் கப்பலும் வந்த பிறகே இச்சொல்லுக்கு வேலை ஏற்பட்டது. மற்றவர்கள் அப்பொருளின் தன்மையைப் பார்த்தார்கள். நாம் அது கிடக்கும் இடத்தைப் பார்த்தோம். உழவர் நாட்டில் ‘நிலம்’ என்னும் சொல் எவ்வளவு கனமானது என்பதை எண்ணும்போது, பெயரிட்டவர் யாராயினும் அவரைப் பாராட்டத் தோன்றுகிறது.

நிலக்கரி இல்லாத நாட்களில் இந்நாட்டார் எதை எரித்தனர்? இக்கேள்விக்குக் காவிரிப் படுகையில் விடை சொல்வது அத்துணை எளிதன்று. மலை நாட்டுக்குக் காடு உண்டு. இராமநாதபுரச் சீமைக்கு முட்புதர்கள் உண்டு; அங்கே கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. தஞ்சையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வயல். ஒரு மரம் நின்றால் அதன் நிழல் பயிரைக் கெடுக்கும் என்று வெட்டும் நாடு இது. சோறு மிகுந்த இந்நாட்டில் அச்சோற்றை ஆக்க விறகு மிகவில்லை. கொல்லையில் விழும் தென்னை மட்டை, பாளை, பன்னாடை, பனையோலை, மூங்கில் தூர், எள்ளுத் தட்டை, துவரை மிளாறு என்று கிடைத்ததெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. நெருப்பை வீணாக்காமல் இருக்கப் பெண்கள் கொடியடுப்பு அமைத்தனர். ஒரே தீயில் பெரிய அடுப்பில் உலை கொதிக்கும், பக்கத்து அடுப்பில் குழம்பு சூடாகும். எரிந்த கட்டையை நீர் தெளித்து அணைத்து, அக்கரியைச் சேர்த்துவைத்தனர். கொட்டாங்கச்சிக் கரி தேய்ப்புப் பெட்டிக்கு ஆயிற்று.

வைக்கோல் மாட்டுக்கு வேண்டும். சாணம் வயலுக்கு வேண்டும். ஆயினும் மழைக்காலத்தை எண்ணிப் பெண்கள் கோடையிலேயே சாணத்தைத் தட்டிச் சுவரில் ஒட்டினர். உலர்ந்தது ஆதலின் அது வறட்டி. அதற்கே எருமுட்டை என்றும் பெயர். எரு என்பது வயலுக்கு இடும் உரம்; அதனை முட்டையாக்கி அடுப்பில் இடுகிறோம். நிலத்துக்கும் அடுப்புக்கும் இடையே ஓயாமல் நடந்த இழுபறியை இந்தப் பெயர் ஒளிக்காமல் காட்டுகிறது. இந்திய வேளாண்மையைப் பார்வையிட 1889-ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் வேதியியல் அறிஞர், 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில் இதனையே வற்புறுத்தினார். இந்திய உழவன் உரத்தின் மதிப்பை அறியாமல் சாணத்தை எரிக்கவில்லை, விறகு இல்லாமையால் எரிக்கிறான். விறகுக்கெனத் தோப்புகள் வளர்த்தால் சாணம் தானே வயலுக்குத் திரும்பும் என்பது அவர் கருத்து. நம் பாட்டிமார் இதை அறிக்கை இல்லாமலே அறிந்திருந்தார்கள். அறிந்தும் செய்வதற்கு வழியில்லை என்பதுதான் அவர்கள் நிலை. பழங்கால வாழ்வைப் பொற்காலம் என்று பேசுவோர், அவ்வடுப்பின் முன் ஊதுகுழலோடு அமர்ந்து கண் சிவந்தவர்களை மறந்துவிடுகிறார்கள்.

நெல் நாட்டுக்கு நெல்லே கொடுத்த எரிபொருள் உமி. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி கிடைக்கும். நல்ல நிலக்கரியின் வெப்பத்தில் பாதியளவு அதில் உண்டு. அது சடசடவென்று எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். ஆதலால் பொற்கொல்லர் உமித்தணலை விரும்பினர். இன்றும் புழுங்கல் அரிசி ஆலைகள் பலவற்றில் நெல்லை அவிப்பதற்கு வேண்டிய நீராவியை அந்நெல்லின் உமியே தருகிறது. நெல் தன்னைத் தானே அவித்துக்கொள்கிறது என்றுகூடச் சொல்லலாம். எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி மணற்சத்தாகிய சிலிக்கா. உமியைப் பாதி எரியவிட்டு எடுத்த உமிக்கரியால்தான் என் தலைமுறையார் சிறுவயதில் பல் துலக்கினோம். பல் வெளுத்தது உண்மை. அந்த மணற்சத்து பல்லின் மேற்பூச்சையும் சேர்த்துத் தேய்த்தது என்று பல் மருத்துவர் கூறுவதும் உண்மை.

இவ்வெளிய எரிபொருள்களைக் கொண்டு நம்மவர் செய்தவை எளியவை அல்ல. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் செப்புத் திருமேனிகள் வார்க்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலை அதன்மேல் பூசி, வறட்டித் தீயில் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவது முறை. சோழர் காலத்து நடராசர் திருமேனிகள் பிறந்ததும் இவ்வகைத் தீயில்தான். 1010-இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் கல்லைச் செதுக்கிய உளிகள் மரக்கரி உலையில் காய்ந்த இரும்பு. நிலக்கரியைச் சுட்டுக் கிடைத்த கற்கரியால் இரும்பை உருக்க முடியும் என்று இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி காட்டியதே 1709-இல்தான். அதற்கு முன் அங்கும் இரும்பு மரக்கரியின் குழந்தை.

மரக்கரிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஒரு துறைமுகம் காட்டியது. 1830-ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை அமைத்தார். தாது சேலத்திலிருந்து வந்தது, எரிபொருள் மரக்கரி. இரும்பு நன்றாகவே இருந்தது. ஆனால் ஊதுலையின் வயிறு கொல்லன் உலையின் வயிறு அன்று. சுற்றுவட்டக் காடுகள் அருகின. கரியை நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. வேறு காரணங்களும் சேர, ஆலை நலிந்து நின்றது. ஊர்க் கொல்லனுக்கு ஆயிரம் ஆண்டு போதிய கரி, ஓர் ஆலைக்கு ஒரு தலைமுறை போதவில்லை.

அடுத்து வந்தது இரயில். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும், அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனை மக்கள் கண்ட மாத்திரத்தில் புகைவண்டி என்று பெயர் சூட்டினர். இலங்கையில் இன்றும் புகையிரதம் என்றே வழங்குகிறார்கள். ஆனால் அந்தப் புகை எல்லாம் நிலக்கரிப் புகை அன்று. நிலக்கரி வங்காளத்து இராணிகஞ்சிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கடல்வழி வரவேண்டும், விலை மிகுதி. ஆகவே தென்னாட்டு எஞ்சின்கள் நெடுங்காலம் விறகைத் தின்றன. அவற்றின் பசி தீர்க்கவே சோழமண்டலக் கரையின் மணல் நிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சவுக்குத் தோப்புகள் பெருகின. நம் இலக்கியத்தில் சவுக்குக்கு இடமில்லை. நம் அடுப்பிலும் பந்தலிலும் அதற்கு நிலைத்த இடம் கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பட, பேருந்தின் பின்னால் உலை ஒன்றைப் பொருத்திக் கரிவாயுவில் ஓட்டினார்கள். சமையல் வாயு உருளை வந்தபின் வறட்டி தட்டும் சுவர்கள் குறைந்தன. அக்கதை எல்லோரும் அறிந்ததே.

இதுவரை சொன்னவற்றில் நிலக்கரி வேறு எங்கோ இருந்தது. அது நம் காலடியிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது இருபதாம் நூற்றாண்டில். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது பழுப்பு நிறப் பொருள் வெளிப்பட்டது. 1956-இல் நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1957-இல் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் வந்தது. இதற்குப் பழுப்பு நிலக்கரி என்று பெயர். கரி என்றாலே கருமை. பழுப்பான கருமை என்பது சொல்லளவில் முரண்தான். ஆனால் வழக்கு இலக்கணத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

நெய்வேலியில் மேல்மண்ணை முழுதும் அகற்றித் திறந்த பள்ளமாகத் தோண்டுகிறார்கள். கரிப்படுகைக்குக் கீழே ஊற்றுநீர் மிகுந்த அழுத்தத்தோடு நிற்கிறது. அதனை இரவும் பகலும் இறைத்தாலன்றிப் பள்ளத்தின் அடித்தளம் உடைந்து நீர் பொங்கும். அங்கே கரி எடுப்பது என்றால் நிலத்தை எடுப்பது, நீரையும் எடுப்பது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு தெற்கே பார்க்க வேண்டும். இந்தியாவின் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் உள்ளது. அதில் பெரும்பகுதி மன்னார்குடியைச் சுற்றி, நெய்வேலியினும் மிகுந்த ஆழத்தில், நெல்வயல்களுக்கு அடியில் கிடக்கிறது.

2010-இல் அக்கரிப்படுகையிலிருந்து மீத்தேன் வாயு எடுக்க ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. உழவர் எதிர்த்தனர். ஊர் ஊராகச் சென்று அவர்களிடையே பேசிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அப்பணியிலேயே 2013 டிசம்பர் 30-ஆம் நாள் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிச்சினிக்காட்டில் காலமானார். 2015-இல் மாநில அரசு அத்திட்டத்தை மறுத்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதன்கீழ் வந்தன. அப்படியும் 2023 மார்ச்சுத் திங்களில் நடுவண் அரசின் நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் தஞ்சைப் பகுதியின் வடசேரியும், அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும், கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக் கிழக்கும் இடம்பெற்றன. சில நாட்கள் படுகை முழுவதும் ஒரே பேச்சாக இருந்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியினரும் எதிர்த்துப் பேசினர். ஏப்ரல் 8-ஆம் நாள் அம்மூன்று இடங்களையும் பட்டியலிலிருந்து நீக்குவதாக மத்திய அமைச்சர் அறிவித்தார்.

இவ்வழக்கில் உழவர் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் உழவர் நிலக்கரியே இன்றி வாழ்கிறார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. குறுவை நாற்றுக்கு ஆழ்குழாயிலிருந்து நீர் இறைக்கும் மோட்டாரும், அரிசி ஆலையின் எந்திரமும், இப்பேச்சை நீங்கள் கேட்கும் வானொலிப் பெட்டியும் ஓடுவதற்கு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் கரி எரிகிறது. அந்தக் கரிக்காகத் தம் ஊரை விட்டுப் பெயர்ந்தவர்கள் நெய்வேலியைச் சுற்றி இருக்கிறார்கள். தன் நிலத்தைக் காத்துக்கொண்ட தஞ்சை, அவர்கள் நிலத்தில் விளைந்த வெளிச்சத்தில்தான் அமர்ந்திருக்கிறது. காற்றாலையும் கதிரொளி மின்சாரமும் தமிழ்நாட்டில் பெருகி வருவது இந்தக் கணக்கை எந்த அளவுக்கு நேர்செய்யும் என்பதை என் மாணவர்களின் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

அவ்வாண்டு ஜூன் 12-ஆம் நாள், வழக்கப்படி, மேட்டூர் அணை திறக்கப்பட்டது. உழவர் நம்பிக்கையோடு குறுவை நட்டனர். பருவமழை குறைந்து, கருநாடகத்திலிருந்து வரவேண்டிய நீரும் வராமையால் கடைமடைப் பகுதிகளில் வயல்கள் வெடித்தன. இழப்பீடு கேட்டு வந்தவர்கள் அதிகாரிகளிடம் சொன்ன வாசகம் ஒன்றுதான்: “பயிர் கரிஞ்சு போச்சுங்க.”